இரண்டாவது சாவி கிடையாது

“திரும்பாதும்மா,” என்றார் வண்டிக்காரர். வீட்டின் பின்பக்கத்து இரும்புச் சுழல்படியின் நடுவில் நின்றபடி, இரண்டு கையையும் விரித்து வளைவை அளந்து காட்டினார். “ஸ்ட்ரெச்சர் இங்கயே முட்டும். வேற மாதிரிதான் இறக்கணும்.”

“வேற மாதிரின்னா?”

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் கைப்பிடிக் கம்பியைத் தடவினார். “நிமித்தி வச்சுக் கட்டி, முன்னால ஒருத்தன் பின்னால ஒருத்தன் பிடிச்சு, படிப்படியா… பல வீட்ல அப்படித்தான் செய்றோம். ஒரு மணிக்கு எனக்கு இன்னொரு எடம் இருக்கும்மா. சீக்கிரம் சொல்லுங்க.”

அவள் மேலே ஏறினாள். கட்டிலில் அவள் கணவர் நீட்டிப் படுத்திருந்தார். காலையில் தண்ணீர் கேட்டவர், அவள் தம்ளரோடு வருவதற்குள் போய்விட்டார். அந்தத் தம்ளர் இன்னும் ஜன்னல் விளிம்பில் அப்படியே இருந்தது. முப்பத்திரண்டு வருஷமாக ஊர்க்கதவையெல்லாம் திறந்துவிட்ட மனிதர். சாவிக்காரர் என்றால் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அவர் வெளியே போக ஒரு கதவு இல்லை! மூட்டை மாதிரிக் கட்டி இறக்குவதாம்.

கதவு இல்லாமல் இல்லை. வீடு மேலே, கடை கீழே. உள்ளேயிருந்து அகலமான மரப்படி நேராகக் கடைக்குள் இறங்கும். பதினொரு நாளைக்கு முன்னால் வரி ஆபீஸ்காரர்கள் வந்தார்கள். படியின் கீழ்க்கதவைக் கடைப்பக்கமிருந்து தாழ்போட்டு, ஷட்டரை இழுத்துவிட்டு, தங்கள் பூட்டைப் போட்டுக் காகிதம் ஒட்டிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து எல்லோருக்கும் சுழல்படிதான். பழுதான நெஞ்சை வைத்துக்கொண்டு அவரும் அதில்தான் ஏறி இறங்கினார்.

“கொன்னுட்டாங்கம்மா,” என்றாள் மகள், அப்பாவின் காலடியில் உட்கார்ந்து. “அந்தப் படியில ஏத்தி ஏத்தியே கொன்னுட்டாங்க. எந்தக் காலத்து வரியையோ இப்ப வந்து கேட்டா? ஒரு கடுதாசியாவது ஒழுங்கா போட்டானுங்களா?”

கடுதாசி வந்தது. ஒன்றல்ல, நான்கு. நான்கையும் கையெழுத்துப் போட்டு வாங்கியது அவள்தான்.

ஒரு சமயம் அவருக்குப் புது அடுக்குமாடி ஒன்றுக்கு நூற்றிருபது கதவுக்கும் பூட்டுப் போடும் வேலை கிடைத்தது. வாழ்நாளில் ஒரே ஒரு பெரிய வேலை. கணக்கு எழுதியவர் “வரியெல்லாம் கட்டி முடிச்சாச்சு” என்று சொல்லிவிட்டு எங்கோ போய்விட்டார். முடியவில்லை என்று இரண்டு வருஷம் கழித்துத் தபால் சொன்னது. கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அதே வாரம். “அதிர்ச்சியா எதுவும் அவர் காதுல விழக்கூடாது” என்று டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்ன நான்காம் நாள். அடுப்படியில் நின்று படித்தாள். கடிதத்தை மடித்துத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

அந்தப் பூட்டு கல்யாணத்தன்று அவர் கொடுத்தது, கையால் செய்தது. “ஊர்ல இருக்குற பூட்டுக்கெல்லாம் என்னால ரெண்டாவது சாவி வெட்ட முடியும், மேனேஜரே. இதுக்கு மட்டும் ரெண்டாவது சாவி கிடையாது. வெட்டவும் மாட்டேன்.” அன்று தொட்டு அவள்தான் அவருக்கு மேனேஜர். சாவி அவள் கழுத்துச் சங்கிலியை விட்டு இறங்கியதில்லை.

பணத்தைச் சேர்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தாள். பக்கத்து வீடுகளுக்குத் துணி தைத்துக் கிடைத்ததைப் பெட்டிக்குள் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டாள். எண்ணும்போதெல்லாம் கணக்கு இடிக்கும். நினைத்ததைவிடக் கூடத்தான் இருக்கும். போன தடவை தப்பாக எண்ணியிருப்பேன், எனக்கு எந்தக் காலத்தில் கணக்கு வந்தது என்று தன்னையே திட்டிக்கொண்டு மூடிவிடுவாள். இரண்டாம் கடிதத்தில் வட்டி சேர்ந்திருந்தது. மூன்றாவதில் அபராதம். நான்காவதில், தாமதித்ததற்கு இன்னொரு அபராதம். அவள் நடந்தாள், வட்டி ஓடியது. கடைசியில் வரியைவிட வட்டியும் அபராதமும் இரண்டு பங்கு.

பூட்டுப் போட வந்த அதிகாரி கேட்டார். “நாலு நோட்டீஸ் அனுப்பியிருக்கோம். ஒரு பதில் இல்லையே?”

அவள் வாயெடுப்பதற்குள் கணவர் சொன்னார். “வந்துச்சு சார். தப்பு என் மேலதான்.”

ஆபீஸ்காரர்களைக் கண்ட பயத்தில் ஏதோ சொல்கிறார் என்றுதான் நினைத்தாள். மேலே வந்ததும் கேட்பார், கத்துவார் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை. பதினொரு நாளும் கேட்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. இன்று காலை எப்படியும் சொல்லிவிடுவது என்று எழுந்தாள். அவர் தண்ணீர் கேட்டார்.

கொழுந்தன் ஜன்னலோரம் நின்று அதிகாரியோடு போனில் மன்றாடிக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கு லீவு சார்,” என்றது போன். “சீல் எடுக்கணும்னா எழுத்து மூலமா ஆர்டர் வரணும். திங்கக்கெழம வாங்க.”

“சார், எங்க அண்ணன் திங்கக்கெழம வரைக்கும் இருக்க முடியுமா சார்?”

“புரியுது சார். ஆனா நான் எப்படிச் சொல்றது? நீங்களா உடைச்சா அது தனி கேஸு. தனி அபராதம்.”

கொழுந்தன் போனைப் பையில் போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சுழல்படியிலயே இறக்கிடலாமா அண்ணி? வேற வழி தெரியல,” என்றார்.

அவள் அலமாரிக்குப் பின்னாலிருந்து ஓட்டைக் குடை ஒன்றை எடுத்தாள். முழங்காலில் வைத்து ஒரு கம்பியை ஒடித்தாள். பூட்டுத் திறக்கக் குடைக்கம்பியைவிட நல்ல கம்பி கிடையாது என்பார் அவர். எத்தனை வீட்டு வாசலில் அவருக்கு டார்ச் பிடித்திருக்கிறாள்! அடுப்படியில் அம்மிக்கல்லின் விளிம்பில் வைத்து நுனியை வளைத்தாள். தலையிலிருந்து கொண்டையூசி ஒன்றை உருவிக்கொண்டு படியிறங்கித் தெருவுக்கு வந்தாள்.

எதிர்க்கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் ஷட்டர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். பூட்டுப் போட்ட அன்றே அவர் அதைக் கையில் ஏந்திப் பார்த்துச் சிரித்தார். “நம்ம கடைப் பூட்டுதான். போன வருஷம் அவங்க ஆபீசுக்குப் பன்னெண்டு வாங்கிட்டுப் போனாங்க.” அப்படியானால் திறங்கப்பா என்றாள் மகள். “வச்சவன் கூப்பிடாம தொறந்தா அதுக்குப் பேரு வேற, கண்ணு,” என்றார்.

“அண்ணி, வேணாம் அண்ணி,” கொழுந்தன் பின்னாலேயே ஓடி வந்தார். “இருக்கிற கடன் போதாதா? இதுக்கும் சேர்த்துப் போடுவாங்க.”

“போடட்டும் தம்பி. அவ்வளவு போட்டவங்க இதையும் போடட்டும். எல்லாத்தையும் எம்பேர்லயே எழுதச் சொல்லுங்க. உங்க அண்ணன் படுத்துக்கிட்டுதான் போவாரு. அவர் கடை வழியாத்தான் போவாரு.”

“பழி உங்க மேல வரும் அண்ணி.”

“வரட்டும். வர வேண்டிய எடம்தான்.”

கொழுந்தனுக்கு விளங்கவில்லை. அவளும் விளக்கவில்லை. ஊசியைச் செருகி அழுத்தினாள், கம்பியை உள்ளே விட்டாள். வழுக்கியது. மறுபடி விட்டாள், மறுபடி வழுக்கியது. அழுகை வந்து கண்ணை மறைத்தது. கண் எதற்கு, இது விரல் வேலை. ‘அவசரப்பட்டா பூட்டு முறைச்சுக்கும்’ என்பார். கையை எடுத்து மடியில் துடைத்தாள். மூன்றாம் தடவை, பூட்டுக்குள் முட்கள் ஒவ்வொன்றாகப் பணிவது விரலுக்குத் தெரிந்தது. பூட்டு வாய் திறந்தது. ஷட்டரைத் தூக்கியதும் காகிதம் குறுக்கே கிழிந்தது.

உள்ளே எண்ணெயும் இரும்புத்தூளும் கலந்த வாசனை, அவர் சட்டையின் வாசனை. படிக்கதவின் தாழை நீக்கினாள். வண்டிக்காரரும் ஆட்களும் கொழுந்தனும் ஸ்ட்ரெச்சரோடு மேலே போனார்கள். அவள் மட்டும் கடையில் நின்றாள்.

சுவரில் சாவிப் பலகை. வெட்டி வைத்த சாவி ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை, அதில் பேர், தேதி. ஆளும் நாளும் எழுதாமல் எந்தச் சாவியையும் வெட்டக் கூடாது என்பது அவர் தொழில் நியமம். வாங்க வராதவர்களின் சாவிகள் வரிசையாகத் தொங்கின. கீழ் வரிசையில், சாவி அரைக்கும் மெஷினுக்குப் பின்னால் பாதி மறைந்து, ஒரு சின்னப் பித்தளைச் சாவி.

குனிந்து அட்டையைத் திருப்பினாள். அவர் கையெழுத்து. ‘மேனேஜர் பெட்டி.’

திருட்டுச் சாவி வெட்டும்போதும் நியமத்தை விடவில்லை மனிதர்! தேதி இருந்தது. இரண்டாம் கடிதம் வந்த வாரம்.

கழுத்துச் சங்கிலியைக் கழற்றித் தன் சாவியை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பல்லுக்குப் பல் ஒன்றாக இருந்தது. பிஸ்கட் டப்பா ஞாபகம் வந்தது. எண்ணும்போதெல்லாம் கூடுதலாக இருந்த பணம். ஒரு தடவைகூட அவள் தப்பாக எண்ணியிருக்கவில்லை.

“பாவி மனுஷா,” என்றாள் வாய்விட்டு. “ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” சொன்னது அவருக்கா தனக்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. “அம்மா, சுவரோரமா நில்லுங்க,” என்றார் வண்டிக்காரர்.

நின்றாள். அவர் நீட்டிப் படுத்தபடி, எதிலும் முட்டாமல், மெஷினையும் மேஜையையும் தாண்டி வெயிலுக்குப் போனார். மகள் அழுதுகொண்டே பின்னால் போனாள்.

கொழுந்தன் வரி ஆபீஸ் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். “இத மறுபடி மாட்டிடலாமா அண்ணி?”

“மாட்டிடுங்க தம்பி. இதோ வந்துட்டேன்.”

அவள் குனிந்து தன் சாவியையும் அதே ஆணியில் மாட்டினாள். இரண்டும் ஒன்றோடொன்று இடித்து, சற்று ஆடி, நின்றன. அதற்குள் வெளியே வண்டியைக் கிளப்பியிருந்தார்கள்.