கயிற்றை இழுத்தால் நிற்க வேண்டும்

மாலை வகுப்பில் அன்று நிறுத்துவதற்கும் முடிப்பதற்குமான ஆங்கில வார்த்தைகள். ஸ்டாப், ஹால்ட், எண்ட், ஃபினிஷ், சீஸ், குவிட், டெர்மினேட் என்று ஆசிரியர் பலகையில் வரிசையாக எழுதினார். ஓடுகிற வண்டிக்கு ஒன்று, படித்த பாடத்துக்கு ஒன்று, பிடிக்காத வேலையை நாமே விடுவதற்கு ஒன்று, நம்மை வேலையை விட்டு அனுப்புவதற்கு இன்னொன்று. எனக்கு எதையும் இரண்டு தடவை எழுதினால்தான் மண்டையில் ஏறும். எழுதிக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு வார்த்தைக்கும் அவரவர் வேலையிலிருந்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். ஸ்டாப் என்ற வார்த்தைக்கு நான் எழுதியது: கயிற்றை இழுத்தாலும் எங்கள் பெல்ட் நிற்காது.

ஆசிரியர் படித்துப் பார்த்து, "ஒரு தப்புகூட இல்லப்பா" என்று குறி போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்மேல் கோபப்படுவது நியாயமில்லை என்று வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். கோபம் கேட்கவில்லை.

நானும் அண்ணியும் ஒரு சோப்புத் தொழிற்சாலையில், பெட்டிகளைச் சுமந்து ஓடும் ஒரே பெல்ட்டில் வேலை செய்கிறோம். நான் முன்பக்கம் அட்டைப்பெட்டிகளை விரித்து வைப்பவன். அண்ணி கடைசி முனையில், பசை உருளைகளுக்குப் பக்கத்தில். சூடான பசையோடு சுற்றும் அந்த உருளைகள் பெட்டியின் மூடியை அழுத்தி ஒட்டும். கோணலாக வரும் பெட்டியை அண்ணி கையால் நேராக்க வேண்டும். பெல்ட்டின் நெடுகிலும் ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருக்கிறது. ஆபத்தென்றால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம், பெல்ட் நின்றுவிடும் என்று சுவரில் படம் போட்டு எழுதியிருக்கிறார்கள். போன மாதம் சட்டைக்கை உருளையில் மாட்டியபோது அண்ணி இழுத்தார். கயிறு தொய்ந்து கையில் தொங்கியது. பெல்ட் பாட்டுக்கு ஓடியது. நான் பேனல் ரூமுக்கு ஓடி மெயின் சுவிட்சை அணைப்பதற்குள் அண்ணிக்கு மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் போய்விட்டது.

கயிறு போய்ச் சேரும் சுவிட்ச் பழுது. அதை மாற்ற ஒரு நாள் பெல்ட்டை நிறுத்த வேண்டும். சூப்பர்வைசரிடம் யார் போய்க் கேட்டாலும் "நாளைக்குப் பாக்கலாம்" என்பார். அவர் பெயரே எங்களுக்குள் 'நாளைக்கு' என்று ஆகிவிட்டது.

அப்படிப்பட்ட நாளைக்கு, வகுப்புக்கு மறுநாள் காலையில் அவராகவே என்னைத் தேடி வந்தார். தோளில் கை வேறு போட்டார்.

"வெள்ளிக்கிழமை ஆடிட். சோப்பு வாங்குற கம்பெனியிலேருந்து பாதுகாப்பெல்லாம் சரியா இருக்கான்னு பாக்க ஒரு மேடம் வர்றாங்க. அவங்களுக்குத் தமிழ் தெரியாது. நீதான் கூட நின்னு பேசணும்."

"கயிறு, சார்?"

"அதுக்குத்தான் வர்றேன். இழுத்துக் காட்டச் சொல்வாங்க. எலக்ட்ரீஷியன் பேனல் ரூம்ல சுவிட்சுமேல கைய வெச்சுட்டு நிப்பான். அங்கேருந்து அவனுக்கு பெல்ட் தெரியாது. அதனால, கயித்த இழுத்ததும் மேடத்துக்கு விளக்கிச் சொல்ற மாதிரி நீ சத்தமா 'ஸ்டாப்'னு சொல்லு. அவன் அணைச்சுடுவான். ஒரே ஒரு வார்த்தை. இதுக்குப் போய் நீ கிளாசுக்கெல்லாம் போகணுமா என்ன?"

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் குரலை இறக்கினார். "உங்க அண்ணிய லேபிள் மேஜைக்கு மாத்திடறேன். உக்காந்து செய்யற வேலை. உருளை பக்கமே போக வேண்டாம். என்ன சொல்ற?"

நான் எதுவும் சொல்லவில்லை. சரி என்று எடுத்துக்கொண்டார். அன்று மதியமே ஒத்திகை. யாரோ கயிற்றை இழுக்க, நான் கத்த, பெல்ட் நின்றது. சிலர் கைதட்டினார்கள். அண்ணி தட்டவில்லை. தட்டவும் முடியாது, ஒரு கையில் கட்டு.

வீட்டில் சாப்பிடும்போது லேபிள் மேஜையைப் பற்றிச் சொன்னேன்.

"பரவாயில்லையே, கொழுந்தனாரே! துரை வாயத் திறந்தா மிஷினே நிக்குது. உங்க அண்ணன் வாயத் திறந்தா இந்த வீட்டுல ஃபேன்கூட நிக்காது."

"விளையாடாதீங்க அண்ணி. உங்களுக்காகத்தான் யோசிக்கிறேன்."

"எனக்காகவா?" தட்டைத் தள்ளி வைத்தார். "நான் மேஜைக்குப் போயிட்டா அந்த முனையில யாரு தம்பி நிப்பா? எவளோ ஒருத்தி. அவளுக்கு மட்டும் கை இரும்புலயா செஞ்சிருக்கு? எனக்குத் தோல் உரிஞ்சப்ப ஒருத்தன் சுவிட்சப் பிடிச்சுட்டு நின்னானா? மேடத்துக்கு மட்டும் நிக்கிறானா?"

அண்ணன் மோர்க் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ என்ன வேணா பண்ணு. கயித்த இழுக்கச் சொன்னா நான் இழுப்பேன்" என்று எழுந்து போனார்.

இரண்டு இரவுகள் நன்மை ஒரு பக்கம், தீமை ஒரு பக்கம் என்று எழுதிப் பார்த்தேன். சொன்னால் அண்ணி தப்பிப்பார். சொல்லாவிட்டால் அண்ணி அதே இடத்தில், ஒருவேளை இருவருக்குமே வேலை போகும். வெள்ளிக்கிழமை காலை வாயிலில் நுழையும்போதும் நான் ஒரு முடிவுக்கு வரவில்லை. அதுதான் உண்மை.

ஆடிட் மேடம் குள்ளமாக, தலையில் வலைத்தொப்பியோடு வந்தார். நேராக அண்ணியின் கட்டைக் காட்டி என்னவென்று கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் நாளைக்கு முந்திக்கொண்டார். "கிச்சன் மேடம், கிச்சன்! ஹாட் ஆயில்!"

என் ஆங்கிலத்தை நம்பி என்னை நிறுத்திய மனிதருக்குப் பொய் சொல்லும் அளவுக்கு ஆங்கிலம் வந்தது. அண்ணிக்கும் அந்த இரண்டு வார்த்தைகள் புரிந்தன. அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்குக் காது மடல் சுட்டது.

மேடம் கயிற்றைக் காட்டி இழுக்கச் சொன்னார். அண்ணி நல்ல கையால் இழுத்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வார்த்தை நாக்கு நுனியில்தான் இருந்தது.

"ஹால்ட்" என்றேன்.

பெல்ட் ஓடியது. கதவுக்குப் பின்னால் எலக்ட்ரீஷியன் தனக்குச் சொல்லிவைத்த வார்த்தைக்காகக் காத்திருந்தான்.

"சீஸ்!" என்றேன், இன்னும் சத்தமாக. "ஃபினிஷ்!"

"டேய், என்னடா உளர்ற? அந்த வார்த்தைடா!" நாளைக்கு பல்லைக் கடித்தார்.

"எண்ட்! எண்ட்! எண்ட்!" என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. தொண்டை கிழிந்தது. ஒரு பெட்டி கோணலாகப் போய் உருளையில் நசுங்கியது. பின்னால் இன்னொன்று. அண்ணி கயிற்றை விடாமல் இழுத்துக்கொண்டே நின்றார்.

நாளைக்கு பொறுமை இழந்தார். "ஸ்டாப்!" என்று அலறினார்.

பெல்ட் சட்டென்று நின்றது.

அந்த அமைதியில் மேடம் கயிற்றைப் பார்த்தார். பிறகு நாளைக்கின் வாயைப் பார்த்தார். பெல்ட்டை மறுபடி ஓட்டச் சொல்லிவிட்டு, உதட்டில் விரலை வைத்து எங்கள் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். தானே போய்க் கயிற்றை இழுத்தார். பெல்ட் ஓடியது. மறுபடியும் இழுத்தார். ஓடியது. அதற்குப் பிறகு நாளைக்கிடம் மேடம் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரியாதது நல்லதற்கே, மொழிபெயர்க்கச் சொன்னால் சந்தோஷத்தில் தப்பாகச் சொல்லியிருப்பேன்.

சாயங்காலம் என் கையில் கடிதத்தைக் கொடுத்தார்கள். வகுப்பில் படித்த கடைசி வார்த்தை முதல் வரியிலேயே இருந்தது. அகராதி தேவைப்படவில்லை.

பெல்ட் சனிக்கிழமை முழுக்க நின்றது. சுவிட்சை மாற்றினார்கள். மேடத்தின் அறிக்கையில் கட்டுப்போட்ட பெண்ணைப் பற்றியும் எழுதியிருந்ததால் அண்ணிமேல் கைவைக்க முடியவில்லை. மேஜையும் கொடுக்கவில்லை. அதே முனையில்தான் நிற்கிறார். நான் வேலை தேடி அலைகிறேன். கயிறு சரியானதே, பிறகென்ன கோபம் என்று அண்ணன் கேட்கிறான். ஒரே நாள் வேலை அது. தோல் போவதற்கு முன்னால் ஏதாவது ஒரு சனிக்கிழமை செய்திருக்கலாம்.

"தினமும் காலையில ஒரு தடவ இழுத்துப் பாத்துட்டுத்தான் பெட்டியத் தொடுறேன்" என்றார் அண்ணி நேற்று. "அந்த நாளைக்கு வந்து காட்டுக் கத்தல் கத்துறான்."

"கத்துனா?"

"கத்தட்டும். இப்பல்லாம் பெல்ட்டு அவன் பேச்சக் கேக்கறதில்ல."