சிரிச்சாத்தான் எடுக்கும்

தோஹாவிலிருந்து வந்த பெட்டியில் இரண்டு கெமராக்கள் இருந்தன. ஒன்று பெரிது. மற்றது சின்னது.

அனுப்பியவர் இப்றாஹிம் மச்சான், மூத்த ராத்தாவின் கணவர். போனில் சிரித்தார்.

"உனக்கொண்டு, றிபாத்துக்கொண்டு. எது ஆருக்கெண்டு நான் சொல்ல மாட்டன் நதீரா. அடிபட்டு எடுங்க."

"எது நல்லது மச்சான்?"

"ரெண்டும் நல்லம். ரெண்டும் ஒண்டில்ல."

அதற்குள் என் தம்பி றிபாத் பெரியதைத் தூக்கிவிட்டான். நான் அதன் வாரைப் பிடித்துக்கொண்டேன்.

"உடு ராத்தா."

"நீ உடு. எனக்குக் கலியாணம் இரிக்கி."

"உனக்கா? மாப்பிள ஆரு?"

"றுஸ்னாட கலியாணம்டா. வாய மூடு."

அன்று திங்கட்கிழமை. கலியாணம் ஞாயிற்றுக்கிழமை. றிபாத் வியாழன் காலை இறக்காமத்துக்குப் போகவேண்டும். வாப்பாவின் வயல் அங்கே. நெல் வேளாண்மை முற்றிவிட்டால் யானை வரும். அறுத்து முடியும்வரை அவன் காவல் வாடியில்தான் கிடப்பான். ஒற்றைக் கொம்பன் ஒன்றைத் தான் கண்டதாகச் சொல்கிறான். வயல் வட்டையில் ஒருவரும் நம்பவில்லை. அவனுக்குக் கொம்பனின் படம் வேண்டும்.

எனக்கு றுஸ்னாவின் படம் வேண்டும்.

றுஸ்னா எங்கள் ஒழுங்கையில் மூன்றாவது வீடு. அவளுடைய உம்மா றாஹிலா மாமி. கடல் ஊருக்குள் வந்த அன்று மாமியின் வீடு அத்திவாரத்தோடு போனது. ஆட்கள் தப்பினார்கள். பட அல்பம் தப்பவில்லை. இப்போது ஐந்து வருடம் கழித்து மகளுக்கென்று ஒரு வீடு எழும்பிவிட்டது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பார். உள்ளறையில் இன்னும் பெயின்ட் மணம்.

பெண்கள் இருக்கும் அறைக்குள் போட்டோக்காரன் வர முடியாது. அதனால் எங்கள் ஊரில் பெண்ணின் படம் என்றால், எல்லாம் முடிந்த பிறகு மாப்பிள்ளையோடு கதிரையில் வைத்து எடுக்கும் ஒன்று. உள்ளே நடந்தது ஒன்றும் இருக்காது.

போன கிழமை மாமியிடம் நானே போய்க் கேட்டேன்.

"மாமி, உள்ளுக்க நான் படம் எடுக்கன்."

மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ எடுப்பியா?"

"ஓம்."

"அப்ப எனக்கு ஒரு படம் போதும். ஒண்டே ஒண்டு. இந்தா, இந்த மண்டபச் சுவர்ல மாட்டுற அளவுல. இருபது அங்குலம். பொண்ணு வடிவா இரிக்கணும். எங்கட ஆக்களெல்லாம் படத்துல உழணும். என்ட கலியாணப் படம் கடலுக்க. இவள்ட ஆவது சுவர்ல இரிக்கட்டும்."

பிறகு விரலை நீட்டினார்.

"மாப்பிள மாலை போடுற நேரம் ரெண்டு தரம் வராது, புள்ள. தவறவிட்டா உன்ட கெமராவக் கிணத்துக்கதான் போடணும்."

அப்போது என்னிடம் கெமராவே இல்லை. மச்சான் அனுப்புவார் என்ற நம்பிக்கையில் சொன்னது.

பெரியது கையில் பாரமாக இருந்தது. அமர்த்தினால் மூக்கு ர்ர்ர் என்று நீண்டது. அதோடு கலியாண வீட்டுக்குள் போனால் பெண்கள் வழிவிடுவார்கள். சின்னது சோப்புக் கட்டி. அதைத் தூக்கிக்கொண்டு போனால் சிரிப்பார்கள்.

"ரெண்டையும் கொண்டு கடலுக்குப் போவம்" என்றான் றிபாத். "எது கூடத் தெரியுதோ அது எனக்கு."

"ஏன் உனக்கு?"

"யானை தூர நிக்கும். பொண்ணு கிட்டத்தானே இரிக்கா?"

போனோம். வழியில் சந்தியில் ஆமிக் காவலரணின் மண்மூட்டைகள் அப்படியே கிடந்தன. உள்ளே ஒருவரும் இல்லை. யுத்தம் முடிய முன்னர் கெமராவோடு இந்தச் சந்தியைத் தாண்டியிருக்க முடியாது. கழுத்தில் ஒன்றும் கையில் ஒன்றுமாக நடந்தேன். ஓடவேண்டும் போல இருந்தது.

கடலில் ஒரு தோணி, வெகு தூரத்தில். சின்னதால் எடுத்தேன். எறும்பு. பெரியதை நீட்டி எடுத்தேன். தோணியில் இருந்தவர் பீடியை உதட்டின் இடப்பக்கம் வைத்திருந்தார்.

"அல்லா!" என்றான் றிபாத். "பல்லும் தெரியுது ராத்தா."

பெரியதால் கரைவலை, காகம், பள்ளி மினாராவின் ஒலிபெருக்கி, அதில் இருந்த குளவிக்கூடு எல்லாம் எடுத்தோம். மாறி மாறிப் பறித்து எடுத்தோம். எனக்கு முடிவு வந்துவிட்டது. பெரியது எனக்கு.

அடுத்த நாள் றுஸ்னாவின் உள்ளறைக்குப் போனேன். திரை போட்டிருந்தது. கலியாணத்தன்றும் அப்படித்தான் இருக்கும். றுஸ்னாவைக் கட்டிலில் இருத்தினேன். பெரியதை எடுத்தேன். அவளுடைய மூக்கு மட்டும் தெரிந்தது. அதன் மூக்கை முழுக்க உள்ளே இழுத்துவிட்டுப் பின்னால் போனேன். சுவர் முதுகில் இடித்தது. அப்போதும் முழங்காலுக்குக் கீழே இல்லை, பக்கத்தில் இருந்த மாமியும் இல்லை.

"இன்னும் பின்னுக்குப் போ" என்றாள் றுஸ்னா.

"பின்னுக்குச் சுவர்டி."

"அப்ப சுவர உடைப்பம். உம்மாட்டக் கேளு."

பிளாஷ் போட்டேன். அவள் முகம் சுண்ணாம்பு அடித்தது போல வந்தது. பிளாஷ் இல்லாமல் எடுத்தேன். ஆவி போல வந்தது.

சின்னதை எடுத்தேன். நின்ற இடத்திலிருந்தே அறை முழுக்க விழுந்தது. கட்டில், திரை, மாமி, மாமியின் கையிலிருந்த சுளகு. திரைக்கூடாக வந்த அந்தக் கொஞ்ச வெளிச்சம் அதற்குப் போதும். றுஸ்னாவின் காதோரத்து மயிர்கூடத் தெரிந்தது.

கெமராவின் சின்னத் திரையில் எல்லாம் வடிவாகத்தான் தெரியும். இருபது அங்குலத்தில் என்ன ஆகும்? இரண்டின் கார்டையும் எடுத்துக்கொண்டு கல்முனைக்கு ஓடினேன். பெரிய தெரு ஸ்டூடியோவில் பிரின்ட் மெஷினில் நிற்பது சுஜித்தா. காரைதீவுப் பிள்ளை. என்னோடு கம்பியூட்டர் வகுப்பில் படித்தவள். அவள் அங்கே நிற்பதால்தான் எங்கள் பெண்கள் படத்தை அந்தக் கடைக்குத் தருகிறார்கள்.

சுஜித்தா இரண்டையும் திரையில் பெரிதாக்கினாள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பிறகு தோணிக்காரரைக் காட்டினாள்.

"வெளியில இது ராசா. உள்ளுக்க கண் தெரியாத ராசா."

சின்னதின் படத்தைக் காட்டினாள்.

"இது குட்டி. ஆனா பூனை மாதிரி. இருட்டுல பார்க்கும். கதவளவுக்கும் பெரிசாக்கித் தருவன்."

"பெரிசோட போனாத்தான் மதிப்பு, சுஜி."

"கெமராவையா சுவர்ல மாட்டப் போறீங்க?"

வீட்டுக்கு வந்தேன். பெரியதின் வாரைக் கழற்றி றிபாத்தின் கழுத்தில் போட்டேன். அவன் நம்பவில்லை.

"பொய்யா?"

"கொண்டு போ. நான் மனம் மாற முதல்ல போ."

வாசலில் நின்று ஆடினான். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினான்.

இருட்டறையில் ஒரே ஒரு தொல்லை இருந்தது. அமர்த்தும்போது என் கை நடுங்கினால் படம் அசைந்துவிடும். மச்சானிடம் போனில் கேட்டேன்.

"மெனுவில ஒரு சிரிக்கிற மூஞ்சி இரிக்கும், பாரு. அத வெச்சிட்டா நீ ஒண்டும் அமத்தத் தேவையில்ல. ஆள் சிரிச்சாத்தான் எடுக்கும். தானா எடுக்கும். கை ஆடாது."

றிபாத்தின் முன்னால் பிடித்தேன். முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றான். கெமராவும் சும்மா நின்றது. "உன்ட கொம்பன் எருமைமாடு" என்றேன். சிரித்துவிட்டான். டிக். பல்லெல்லாம் தெளிவு.

அவனைத் திரும்பத் திரும்பச் சிரிக்கவைத்து எடுத்தேன். இதைவிட என்ன வேண்டும்? வியாழன் காலை அவன் பஸ் ஏறினான். நான் கெமராவைச் சிரிக்கிற மூஞ்சியில் வைத்தது வைத்தபடி விட்டேன்.

ஞாயிறு. பள்ளிவாசலில் நிக்காஹ் எழுதும் காவின் முடிந்தது. மாப்பிள்ளை வருகிறார் என்று சத்தம் வந்தது. உள்ளறையில் பெண்கள் சுவரோடு சுவராக நெருங்கினார்கள். வேர்வை, அத்தர், மல்லிகை. எங்கள் ஒழுங்கைச் சுஹறா மாமி என் கையைப் பார்த்தார்.

"இது என்ன புள்ள, சவர்க்காரமா?"

எல்லோரும் சிரித்தார்கள். கெமரா டிக் டிக் என்று நாலு எடுத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாப்பிள்ளை உள்ளே வந்தார். மாலையை எடுத்தார். றுஸ்னா தலையைக் குனிந்திருந்தாள். முக்காட்டின் ஓரம் நெற்றியில். கண் நிலத்தில். நான் கெமராவை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தேன். மூச்சை அடக்கினேன்.

கெமரா எடுக்கவில்லை.

றுஸ்னா சிரிக்கவில்லை. எப்படிச் சிரிப்பாள்? மாலை போடும் நேரத்தில் பொண்ணு பல்லைக் காட்டினால் ஒரு வருடத்துக்கு அதுதான் கதை. இந்த ஊரில் பிறந்தவள் நான். எத்தனை கலியாணத்தில் நின்றிருக்கிறேன். இது எனக்குத் தெரியாதா? தெரியும். மறந்துவிட்டேன்.

அமர்த்தினேன். எடுக்கவில்லை. இன்னும் அழுத்தினேன். அது ஒரு முகம் சிரிப்பதற்காகக் காத்திருந்தது. மாப்பிள்ளையும் சிரிக்கவில்லை. மெனுவைத் தேடினேன். விரல் வழுக்கியது. மாலை கழுத்தில் இறங்கியது. கிணறு ஞாபகம் வந்தது.

அப்போது றாஹிலா மாமி குரவை போட்டார்.

ஒருவர் தொடங்கினால் நிற்காது. சுஹறா மாமி பிடித்தார். பிறகு அவர் பக்கத்தில் நின்ற கமீலா. பிறகு அறை முழுக்க. வாயெல்லாம் திறந்தது, நாக்கெல்லாம் சுழன்றது. புதுச்சுவர் அதிர்ந்தது.

டிக்.

டிக். டிக். டிக். டிக்.

கெமராவுக்குக் குரவை தெரியாது. திறந்த வாயைக் கண்டது, பல்லைக் கண்டது, சிரிப்பு என்று நினைத்தது. எங்கே பார்த்தாலும் சிரிப்பு. முன்பக்கத்தில் ஒரு சிவப்பு லைட் பைத்தியம் பிடித்தது போல மின்னியது. டிக் டிக் டிக். நான் ஒன்றும் செய்யவில்லை. பிடித்துக்கொண்டு மட்டும் நின்றேன்.

"நிப்பாட்டு புள்ள, அது வெடிக்கப் போகுது!" என்றார் சுஹறா மாமி. சொல்லிவிட்டு மறுபடி குரவையில் சேர்ந்துகொண்டார். அதையும் அது எடுத்தது.

திங்கள் காலை கடை திறக்க முன்னரே ஸ்டூடியோ வாசலில் நின்றேன். வீட்டில் படங்களைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சுஜித்தா கார்டைப் போட்டாள். குரவை நேரத்துப் படங்கள் மட்டும் முப்பத்தியொன்று. ஒன்றாவது, வாய். இரண்டாவது, வாய். சுஜித்தா சிரித்துச் சிரித்துக் கதிரையைப் பிடித்தாள்.

"நதீரா, இது பல் வைத்தியருக்கு எடுத்த படமா?"

"சிரிக்காத. எனக்கு உயிர் போகுது. இன்னும் தள்ளு."

தள்ளினாள். பதினாறு. பதினேழு. பதினெட்டில் கையை எடுத்துவிட்டாள்.

நடுவில் றுஸ்னா. மாலை கழுத்தில். தலை குனிந்துதான் இருக்கிறது. ஆனால் அந்த டிக் டிக் கேட்டிருக்க வேண்டும். சிவப்பு லைட்டைக் கண்டிருக்க வேண்டும். கண் மட்டும் மேலே வந்திருக்கிறது. நேரே என்னைப் பார்க்கிறது. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குகிறாள். அடங்கவில்லை. பின்னால் சுவரிலிருந்து சுவர்வரை பெண்கள். ஒருவரும் படத்துக்கு வெளியே நிற்கவில்லை. அவர்கள் நடுவில் றாஹிலா மாமி, கண்ணை மூடி, வாயைத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க.

பெரியது என்றால் இதில் ஒரு மூக்குத்தான் வந்திருக்கும்.

"இருபது அங்குலமா?" என்றாள் சுஜித்தா.

"பொண்ணு சிரிக்கிறா, சுஜி."

"ஓம். அதுக்கென்ன?"

"மாமி கொல்லுவா."

"முதல்ல பிரின்ட் அடிப்பம். பிறகு கொல்லட்டும்."

படத்தைச் சுருட்டிக்கொண்டு நேரே மாமி வீட்டுக்குப் போனேன். மாமி பாயில் விரித்தார். மூலைகளில் நாலு கோப்பை வைத்தார். முதலில் மகளைப் பார்த்தார்.

"கண்ண நிமித்திட்டாளே, கள்ளி."

விரலை மகளின் உதட்டில் வைத்தார்.

"சிரிக்காளா, அழுறாளா?"

"சிரிப்பு மாமி. அடக்குறா."

மாமி சுவர்ப் பக்கம் பார்த்தார். திரும்பப் படத்தைப் பார்த்தார். விரல் மகளை விட்டு நகர்ந்தது. சுஹறா மாமி, கமீலா, ஒவ்வொருவராகத் தொட்டு வந்தது. தன் முகத்தில் நின்றது.

"இது ஆரு?"

"நீங்கதான் மாமி."

"நானா?"

குனிந்தார். மிகக் கிட்டக் குனிந்தார்.

"குரவ போடக்குள்ள நான் இப்பிடியா இரிப்பன்?"

"ஓம்."

மாமிக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. கண்ணில் நீர் வந்தது, அதைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்து மறுபடி சிரித்தார்.

"மண்டபத்தில வேணாம். ஆம்பிளயள் வருவாங்க. இஞ்ச, உள்ளறையில, கட்டிலுக்கு நேரா. ஆணி எங்க புள்ள? சுத்தியல் எங்க? றுஸ்னா! இஞ்ச வா, உன்ட களவு பிடிபட்டுப் போச்சி!"

ஆணி அடிக்கும்போது என் போன் அடித்தது. றிபாத். பின்னால் தகரம் தட்டும் சத்தம், ஆட்கள் கத்தும் சத்தம்.

"ராத்தா! கொம்பன் கிடைச்சான்! கொம்பு தெரியுது, கொம்பில உள்ள சேறும் தெரியுது! வட்டையில எல்லாரும் வாயப் பிளந்துட்டு நிக்கானுகள். உன்ட என்ன ஆச்சி?"

"இஞ்சயும் எல்லாரும் வாயப் பிளந்துட்டுத்தான் நிக்காங்க."

"என்ன?"

மாமி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

"றிபாத், ராத்தாட்டப் பிறகு கதை. இவக்கு வேலை இரிக்கி. கமீலாட மகளுக்கும் வாற மாசம் கலியாணம். நேத்தே அந்தக் குரவக் கெமராவக் கொண்டு வரச் சொல்லிட்டா."