ஃப்ளெக்ஸில் இல்லாத டீச்சர்

கொச்சி மட்டாஞ்சேரியில் ஓர் அரசுப் பள்ளியில் பல வருஷமாகக் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள் ரோஜா டீச்சர். அந்த வருஷம் பத்தாம் வகுப்பில் ஒருவர் விடாமல் தேறினார்கள். ஆனால் பள்ளி வாசலில் கட்டிய ஃப்ளெக்ஸில் சிரித்தது ஷபானா. வந்து ஒரு வருஷம்கூட ஆகாத தற்காலிக டீச்சர்.

அங்கே படித்தவர்களில் பாதிப் பேர் தமிழ்நாட்டிலிருந்து வந்த கட்டட வேலைக்காரர்களின் பிள்ளைகள். வீட்டில் தமிழ், வகுப்பில் மலையாளம். கணக்கில் தோற்றுக்கொண்டே இருந்த அவர்களை ஷபானா மாலையில் உட்காரவைத்து, தமிழிலேயே சொல்லிக்கொடுத்திருந்தாள்.

ரோஜாவுக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியது நான், பேர் இவளுக்கா?

தமிழ் ரோஜாவுக்கும் தாய்மொழிதான். சின்ன வயதில், தமிழர்களை அங்கே இளக்காரமாக அழைக்கும் 'பாண்டி' என்ற சொல்லால் கூட்டாளிகள் கேலி செய்ததிலிருந்து வீட்டுக்கு வெளியே அதைப் பேசுவதில்லை.

ஜூனில் யாருக்கு எந்த வகுப்பு என்று ஹெட்மாஸ்டர் யோசனை கேட்டபோது, "பத்தாம் வகுப்பை நிரந்தரமா இருக்கறவங்கதானே சார் எடுக்கணும்?" என்றாள். பத்தாம் வகுப்பு ரோஜாவுக்கு வந்தது, ஷபானா எட்டாம் வகுப்புக்குப் போனாள்.

முதல் பரீட்சையிலேயே பாதி வகுப்பு தோற்றது. அன்று மாலை பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஷபானாவின் அறைக்குப் போவதைப் பார்த்து ரோஜா கோபமாகப் பின்னால் போனாள். உள்ளே அவள் வகுப்புப் பையன் முத்துவேலின் குரல்.

"மிஸ், சமாந்தர ஸ்ரேணின்னா என்ன? டீச்சர் சொன்னது மனசிலாகல."

"கூட்டுத் தொடர்டா. படி ஏறுறோம்ல? ஒவ்வொரு படிக்கும் ஒரே உயரம் கூடுது. எண்ணும் அப்படித்தான். உங்க டீச்சர் கணக்குல கெட்டிக்காரங்கடா, அவங்ககிட்டயே கேளு."

அந்தப் பாராட்டுதான் ரோஜாவை அதிகமாகச் சுட்டது. உள்ளே போகாமல் திரும்பிவிட்டாள்.

மறுநாள் முத்துவேல் போர்டில் கணக்கைப் பாதியில் விட்டு நின்றான்.

"எது புரியல? தமிழ்லயே கேளு," என்றாள் ரோஜா.

வகுப்பே நிமிர்ந்தது. "டீச்சருக்குத் தமிழ் வருமா?"

"உன்னைவிட நல்லாவே வரும்."

சிரிப்பு அடங்கியதும் அவன் கேட்டான். அவள் விளக்கிய முதல் இரண்டு வாக்கியங்களில் மலையாளம் கலந்தது. பிறகு தமிழ் சரளமாக வந்தது. அவன் முகம் தெளிந்தது.

"ஷபானா மிஸ்ஸும் இப்படித்தான் சொன்னாங்க டீச்சர்!"

மறுபடியும் வயிற்றில் அதே எரிச்சல்.

"அப்படியா? அவங்க சொல்லாத வழி ஒண்ணு இருக்கு, பாரு," என்று சாக்பீஸை எடுத்தாள்.