வலது கண்

துப்பாக்கி சுடுகிற இடம் என்றதும் ராஜமுருகன் பெரிய சத்தத்தை எதிர்பார்த்து வந்திருந்தார். பாலசமுத்திரத்தைத் தாண்டி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே, முன்பு மாங்காய் மண்டியாக இருந்த தகரக் கொட்டகைக்குள் நுழைந்தபோது, சைக்கிள் டியூபின் வால்வைப் பிடுங்கினால் வருமே, அந்த மாதிரி ஒரு காற்றுச் சத்தம்தான் கேட்டது. பத்து மீட்டர் தள்ளி, சுவரோரம் வரிசையாக வெள்ளை அட்டைகள். ஒவ்வொன்றின் நடுவிலும் கறுப்பு வட்டம். மண்டியைக் காலி செய்து வெகுநாள் ஆகியிருந்தும் மாங்காய்ப் பால் வாசனை மட்டும் போகவில்லை.

அவர் கொடைக்கானலில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவர். மகள் தமிழ்மதி பத்தாவது படிக்கிறாள். ஏரிக்கரையில் பலூன் சுடுகிற கடைக்காரர், இவள் வந்தாலே துப்பாக்கியை எடுத்து உள்ளே வைத்துவிடுகிற அளவுக்குக் கை தேறியிருந்தாள். அதைக் கேள்விப்பட்ட பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர், பழனிப் பக்கம் ஒரு ரைஃபிள் கிளப்பில் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து இலவசமாகப் பயிற்சி கொடுக்கிறார்கள், ஒரு நாள் கூட்டிப் போய்ப் பாருங்கள் என்று சொல்லியிருந்தார். ராஜமுருகன் வந்த சவாரியை நண்பன் குமாரிடம் தள்ளிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே மகளோடு மலை இறங்கிவிட்டார்.

அவருக்கு எந்த இயந்திரத்தையும் சும்மா பார்க்கத் தெரியாது. பயிற்சி கொடுக்கிற ரம்யா முப்பது வயதுக்குள் இருப்பாள். அவளிடம் காற்றை எங்கே அடைக்கிறீர்கள், எத்தனை குண்டுக்கு அது தாங்கும், மழைக்காலத்தில் ஈரம் ஏறாதா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவளும் சலிக்காமல் பதில் சொன்னாள். துப்பாக்கியின் பின்பக்கம் சின்னத் துளை. முன்பக்கம் ஒரு வளையம். துளை வழியாகப் பார்த்தால் வளையத்துக்குள் அந்தக் கறுப்பு வட்டம் வந்து உட்கார வேண்டும். அவ்வளவுதான் வித்தை, மற்றதெல்லாம் மூச்சு என்றாள்.

தமிழ்மதியின் முறை வந்தது. வீட்டில் ஓர் இடத்தில் உட்கார்ந்து சாப்பிடாத பெண். தட்டோடு வாசலுக்கும் டிவிக்கும் நடந்துகொண்டே இருப்பாள். அவள் இங்கே நட்டுவைத்த கம்பம் போல நின்றாள். கன்னத்தைத் துப்பாக்கியின் கட்டையில் சாய்த்ததும் முகத்திலிருந்து எல்லாம் வடிந்துபோயிற்று. கோபம், குறும்பு, அவர் ஜாடை, மனைவி லீலாவின் ஜாடை எதுவும் அங்கே இல்லை. இந்த முகத்தை நான் பார்த்ததே இல்லையே என்று ராஜமுருகனுக்கு ஆச்சரியமாக இருந்தது. தோள் ஏறி இறங்கியது, நின்றது. காற்றுச் சத்தம். அட்டையை இழுத்துப் பார்த்த ரம்யா அடுத்த அட்டையை மாட்டினாள். மத்தியானத்துக்குள் மற்ற பிள்ளைகள் தங்கள் துப்பாக்கியை இறக்கி வைத்துவிட்டு இவளை வேடிக்கை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

சாப்பாட்டுக்கு அப்புறம், பெற்றவர்களும் வேண்டுமானால் சுட்டுப் பார்க்கலாம் என்றாள் ரம்யா. ராஜமுருகன்தான் முதலில் எழுந்தார். தமிழ்மதி சிரித்தபடி பக்கத்தில் வந்து நின்று, இடது கண்ணை மூடச் சொன்னாள். மூடினார். துளை தெரிந்தது. வளையத்தின் ஓரம் மங்கலாகத் தெரிந்தது. கறுப்பு வட்டத்தைக் காணோம். ஈர விரலால் யாரோ தேய்த்துவிட்ட மாதிரி அந்த இடம் கலங்கிக் கிடந்தது. பார்வையைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தினால் வட்டம் எட்டிப் பார்த்தது. நேராகப் பார்த்தால் மறுபடி இல்லை. குத்துமதிப்பாகச் சுட்டார். குண்டு அட்டையில் படவே இல்லை. பக்கத்துச் சுவரில் பட்டு விழுந்தது. துப்பாக்கி கோணலாக இருக்கிறது என்று அவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். ரம்யா அதே துப்பாக்கியைத் தமிழ்மதியிடம் கொடுத்தாள். வட்டத்தின் நடுவில் ஓட்டை விழுந்தது.

அவர் வெளியே வந்தார். எதிரே தென்னை மரம். உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடினார். குலை தெரிந்தது, ஒவ்வொரு காயும் தனித்தனியாகத் தெரிந்தது. கையை மாற்றினார். மட்டை தெரிந்தது, குலை இல்லை. மறுபடி மாற்றினார். பயத்தைவிட அதிசயமாகத்தான் இருந்தது. இது எப்போதிலிருந்து? ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதையாவது பார்க்க வேண்டிய சோலி அவருக்கு வந்ததே இல்லை.

"அப்பா." தமிழ்மதி பின்னாலேயே வந்திருந்தாள். "இடது கண்ண மூடிட்டு என் மூஞ்சியப் பாருங்க."

மூடினார். ரெண்டு காதும் தெரிந்தன. பின்னல் தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகை.

"தெரியுதா?"

"தெரியுது தாயி."

"நான் இப்ப என்ன செய்றேன்?"

அவர் கண்ணைத் திறந்தபோது, நீட்டியிருந்த நாக்கை அவள் மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே போய் ரம்யாவிடம் சொல்லிக்கொண்டார்கள். தமிழ்மதியை எடுத்துக்கொள்கிறோம், வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை கூட்டி வந்துவிடுங்கள், தவறக்கூடாது என்றாள் ரம்யா. அவர் தலையாட்டினார். வேனில் ஏறிச் சாவியைப் போட்டார். தமிழ்மதி ஏறவில்லை. கதவுக்கு வெளியே நின்றாள்.

"ரெண்டு கண்ணும் தொறந்திருந்தா எல்லாம் தெரியுது. இத்தன நாளும் ஓட்டலையா?" என்றார்.

அவள் வேனின் வலது பக்கத்தைப் பார்த்தாள். முன் கதவிலிருந்து பின்சக்கரம் வரை நீளமான கீறல். போன மாதம் மலைப்பாதையில் ஒரு பஸ்ஸோடு உரசியது. எதிரே வந்த பஸ்காரன் ஒதுங்கவில்லை என்று வீட்டில் திட்டியிருந்தார். அவரும் அப்படித்தான் நம்பியிருந்தார்.

"பஸ்ல போவோம்ப்பா," என்றாள். "நாளைக்குக் கண்ணாஸ்பத்திரிக்கு நானும் வர்றேன்."

அவருக்குக் கோபம் வந்தது. இந்தக் கீறலைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று வாயைத் திறந்தார். அவள் இன்னும் துப்பாக்கி பிடித்தபோது இருந்த அதே முகத்தோடு, அசையாமல் நின்றாள். காலையில் ரசித்த முகம். நாளைக்கு மன்னவனூர் போக ஒரு குடும்பம் சொல்லி வைத்திருந்தது ஞாபகம் வந்தது. அவர்களோடு ஒரு கைக்குழந்தையும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். சாவியை உருவிக்கொண்டு இறங்கினார். குமாருக்குப் போன் போட்டு, கிளட்ச் சரியில்லை, வேனை இங்கேயே விட்டுவிட்டு வருகிறேன், நாளைக்கு அந்த மன்னவனூர் சவாரியையும் உன் வண்டியிலேயே பார்த்துக்கொள் என்றார். தமிழ்மதி அந்தப் பொய்யைக் கேட்டபடி வேன் கதவைச் சாத்தினாள்.

பழனி பஸ் ஸ்டாண்டில் கொடைக்கானல் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. தமிழ்மதி ஜன்னலோரத்தை அப்பாவுக்கு விட்டாள். மலை ஏற ஆரம்பித்ததும் ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் தானாகப் பலகையை மிதித்தது. டிரைவர் ஹாரன் அடிக்க வேண்டிய இடத்துக்கு முன்பே அவர் கட்டைவிரல் தொடையில் அழுந்தியது. தமிழ்மதி அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். பஸ் பாதி மலை ஏறியிருந்தபோது கால் ஓய்ந்திருந்தது.

இந்த ரோட்டில் ஓட்டுகிறவனுக்கு ரோடு மட்டும்தான் தெரியும். சவாரி வந்தவர்கள் ‘ஆகா’ என்று சொல்லும்போதெல்லாம் அவர் அடுத்த வளைவைப் பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது பார்த்தார். வெளிச்சம் குறைந்து, பள்ளத்தாக்கு நீலமாகிக்கொண்டு வந்தது. ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ் வேகம் குறைந்தபோது, வெகு கீழே, மரங்களுக்கு நடுவே ஒரே ஒரு விளக்கு தெரிந்தது. பாதை எதுவும் கண்ணில் படவில்லை.

அவர் மகளின் தோளைத் தொட்டு எழுப்பினார்.

"ஏத்தா, அங்ஙன யாரு குடியிருக்கா?"

தமிழ்மதி தூக்கக் கலக்கத்தோடு அவர் மடிமேல் சாய்ந்து ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துப் பார்த்தாள். விளக்கு இடம்விட்டு நகர்ந்தது. யாரோ கையில் எடுத்துக்கொண்டு, மரங்களுக்குள் மறைந்தும் தெரிந்தும், சரிவில் மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள்.