கொட்டகை வாசலில் மாவு

காலை ஐந்தரைக்குக் கொட்டகை வாசலில் குனிந்து பார்த்தபோது, முந்தின சாயங்காலம் நான் தூவிய மாவில் என் மனைவியின் கால் தடம் இருந்தது. லியோட்டா இறந்து அப்போது எட்டு மாதம்.

கால் தடம் என்றால் அவளுடைய ரப்பர் பூட்ஸின் தடம். ஏதோ ஒரு வருஷம் சருகு எரிக்கும்போது தணலை மிதித்துவிட்டாள். இடது குதிகாலில் ரப்பர் உருகி முக்கோணமாக ஒரு பள்ளம் விழுந்தது. அந்த முக்கோணம் மாவில் தெளிவாகப் பதிந்திருந்தது. நான் பேய்களை நம்புகிறவன் இல்லை. எங்கள் ஊர்ச் செய்தித்தாளில் முப்பத்திரண்டு வருஷம் அச்சுப்பிழை திருத்தியவன். ஓர் எழுத்து இடம் மாறியிருந்தால் ஏதோ ஒரு கை மாற்றியிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும். அந்த பூட்ஸை மார்ச் மாதம் சர்ச்சின் பழைய சாமான் விற்பனைக்குக் கொடுத்தவனும் நானே.

மாவு தூவச் சொன்னது இரும்புக்கடை ஆரின். கொட்டகைக்கு அடியில் ஸ்கங்க் குடியிருப்பதாகச் சொன்னதும், கடையில் இருந்த இரண்டு பேர் என்னைவிட்டு ஓர் அடி தள்ளி நின்றார்கள். நெப்ராஸ்காவில் பிறந்த யாருக்கும் அந்த நாற்றத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பூனை அளவு உடம்பு, முதுகில் இரண்டு வெள்ளைக் கோடு. வாலைத் தூக்கிப் பீய்ச்சிவிட்டதென்றால் அந்தச் சட்டையை எரிப்பதைத் தவிர வழியில்லை.

"பொந்து வாசல்ல மைதாவத் தூவு. இருட்டினதும் டார்ச் அடிச்சுப் பாரு. தடம் வெளிய போயிருந்தா ஆளு இல்லேன்னு அர்த்தம். ஒடனே கம்பி வலைய வெச்சு ஆணி அடிச்சிரு" என்றான் ஆரின். "மிச்ச மாவுல கேக் பண்ணி எனக்குக் கொண்டா."

அப்படியே செய்தேன். தடம் வெளியே போயிருந்தது. வலையை அடித்தேன். மறுநாள் காலை வலை கழற்றப்பட்டு, ஆணிகள் ஒரு பழைய டப்பாவில் போடப்பட்டு, இரண்டும் சுவரோரம் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. அடுத்த நாளும் அதே கதை. ஸ்கங்குக்கு ஆணி பிடுங்கத் தெரியாது. மூன்றாம் நாள் வலையை அடித்துவிட்டு அதன் முன்னால் கட்டில் அகலத்துக்கு மாவு தூவினேன். அது மிருகத்துக்காகத் தூவியது அல்ல.

நான் சந்தேகப்பட்டது ஒரே ஒருத்தியைத்தான். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் கெர்ட் நோவோட்னி. வேலியோரத்து லைலாக் புதரை லியோட்டா கேட்காமல் வெட்டினாள் என்று பதினோரு வருஷம் எங்களோடு பேசாதவள். பின்படியில் தட்டுத் தட்டாகப் பூனைச்சோறு வைப்பாள். அவளிடம் பூனை கிடையாது. நாற்றத்தை என் பக்கம் ஏவிவிடத்தான் வைக்கிறாள் என்பதில் எனக்கு ஐயமே இருந்ததில்லை. அன்று காலை வேலியோரம் போய் நின்றேன். படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். காலில் லியோட்டாவின் பூட்ஸ்.

"என்னய்யா, காலையிலேயே மூஞ்சியெல்லாம் மாவு? ரொட்டி சுட்டியா?"

"அது யாரோட பூட்ஸ்?"

"என்னோடது. சர்ச்சுல வாங்கினேன். திருப்பி வேணுமா? ஒனக்குப் பத்தாதே."

"என் கொட்டகையில ஒனக்கு என்ன வேல?"

அவள் பட்டாணித் தட்டைக் கீழே வைத்தாள். "உள்ள குட்டிங்க இருக்கு. ஜூன் மாசத்துல எவனாவது பொந்த அடைப்பானா? தாயி எரை தேடப் போனதும் கதவச் சாத்துறியே, கண்ணுகூடத் தெறக்காததுங்க உள்ள கெடந்து சாகட்டுமா? லியோட்டா இருந்திருந்தா அந்தச் சுத்தியலாலயே ஒன்ன அடிச்சிருப்பா."

"அவ பேர எடுக்காத. பதினோரு வருஷமா நீ அவகிட்ட ஒரு வார்த்த பேசல."

"ஒனக்குத் தெரிஞ்சு பேசல" என்றாள் கெர்ட்.

பிறகு சொன்னாள். என்னைப் பார்க்காமல், பட்டாணியைப் பார்த்துக்கொண்டு. "செப்டம்பர்ல. நீ மருந்துக்கடைக்குப் போற நேரமாப் பாத்து வேலிகிட்ட வந்து நிப்பா. கேன்சருக்கு அந்த மருந்து ஏத்தினப்புறம் அவளுக்கு வாசனையே போச்சு. சோப்பு, ரொட்டி, எதுவும் தெரியல. இந்தச் சனியனோட நாத்தம் ஒண்ணுதான் மூக்குக்கு எட்டுச்சாம். 'கெர்ட், அது வந்தா நான் இன்னும் இருக்கேன்னு தெரியுது'ன்னு சிரிச்சா. அத வெரட்ட விடாதேன்னா. அதான் சோறு வெக்கிறேன்."

"என்கிட்ட அவ சொல்லலியே."

"எப்படிச் சொல்லுவா? தெனம் காலையில காபி கொண்டுபோய்க் குடுத்துட்டு மூஞ்சியப் பாத்துட்டு நிப்பியாமே. நல்லா மணக்குதுன்னு சொல்லாம வேற என்ன சொல்லுவா?"

நான் வீட்டுக்குத் திரும்பி வந்தேன்.

அந்தக் கடைசி இரண்டு மாதங்களில் என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் காலைகள்தான். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடி, மூக்கருகே கொண்டுபோய், "நல்லா மணக்குது ஹார்லன்" என்பாள். மற்றதெல்லாம் ஊசியும் வாந்தி வாளியும் மருந்து உறைகளும். அந்த ஒரு நிமிஷமாவது அவளுக்கு நன்றாக இருந்தது என்ற நினைப்பில்தான் நான் இத்தனை மாதம் எழுந்து நடமாடினேன். அது எனக்காக அவள் சொன்ன பொய் என்கிறாள் கெர்ட்.

கெர்ட் சொல்வதை ஏன் நம்ப வேண்டும்? இறந்தவர்கள் பேரில் யாரும் எதையும் சொல்லலாம். காபி விஷயம் ஊருக்கே தெரியும். அடக்கத்தன்று சர்ச்சில் நானே எழுந்து நின்று சொன்னேன். கடைசி வரிசையில் அவளும் இருந்தாள். செய்தித்தாள் வேலையில் இப்படிப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தெரிந்த நாலு விஷயத்தைச் சேர்த்துத் தெரியாத ஒன்றைக் கட்டிவிடுவார்கள்.

ஆனால் சமையலறை ஜன்னலை நினைத்துக்கொண்டேன். போன செப்டம்பரில் அந்த நாற்றம் தாங்காமல் நான் அதைச் சாத்துவேன். கொஞ்ச நேரத்தில் லியோட்டா எழுந்து போய்த் திறப்பாள். எலும்பும் தோலுமாக, தோளில் போர்வையோடு, திறந்த ஜன்னல் முன்னால் நிற்பாள். புழுக்கமாக இருக்கிறதா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். அதுவும் கெர்ட் வீட்டுப் பின்படியிலிருந்து தெரியும். எங்கள் சமையலறை விளக்கு எரிந்தால் அங்கிருந்து எல்லாமே தெரியும்.

அன்று சாயங்காலம் வலையை அடிக்கவில்லை. அதைச் சுருட்டிக் கொட்டகைக்குள் போட்டேன். பையில் மிச்சமிருந்த மாவைப் பொந்து வாசலில் தொடங்கி, புல்வெளி நெடுக, வேலியில் பலகை விழுந்த இடைவெளி வரைக்கும் தூவிக்கொண்டே போனேன். கெர்ட் அன்று இரவும் வந்தால் அந்த முக்கோணம் எத்தனை நடைக்கு ஒருமுறை விழுகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. லியோட்டா நடப்பதுபோல இடது கால் கொஞ்சம் வெளியே திரும்பி விழுகிறதா என்றும். கெர்ட் தன் படியிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்து சமையலறை ஜன்னலைத் திறந்தேன். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. முதலில் நாற்றம் வந்தது, பழைய ரப்பர் எரிவதுபோல, தொண்டையின் அடிவரைக்கும். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து மூக்கருகே கொண்டுபோனேன். கொட்டகைக்கு அடியிலிருந்து கறுப்பு மூக்கு ஒன்று வெளியே நீண்டது. தாய் ஸ்கங்க் மாவின் ஓரத்தில் வந்து நின்று, முன்னங்கால் ஒன்றைத் தூக்கி, கீழே வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது.