நிறுத்து பொத்தான்

மார்லிஸைப் பார்த்தாலே கூபியாக்குக்குப் பற்றிக்கொண்டு வரும். மினசோட்டா மாநிலத்தின் டுலூத் துறைமுகத்தை ஒட்டிய சங்கிலிப் பட்டறையில் பத்தொன்பது வருடமாக இழுவை மேடையை ஓட்டுகிறவள் அவள். சங்கிலி எத்தனை டன் தாங்கும் என்று இழுத்துப் பார்க்கிற மேடை அது. அதற்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக்கொடுத்த ஒப்பந்தக்காரன் இவன். புரோகிராம் வந்த முதல் வாரமே, "உன் திரை அப்பப்ப செத்துப்போகுது" என்றாள் அவள். "கண்டதையும் அமுக்கினா அப்படித்தான்" என்றான் இவன். அன்றைக்கு மூண்ட பகை.

ஒன்பது நாளைக்கு முன்னால், மேடையில் அவளோடு வேலை பார்த்த லைலின் இடது கையில் மூன்று விரல்கள் போயின. மேடை மெதுவாக இறுக்கத் தொடங்கும்போது ஒருவன் வேலிக்குள் நின்று கொக்கியை நேராகப் பிடித்துக்கொள்வது அந்தப் பட்டறையின் கெட்ட வழக்கம். அன்று கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவில் அவன் கை மாட்டிக்கொண்டது. திரையில் நிறுத்து பொத்தானை அமுக்கியதாகவும், அது நிற்காததால் ஓடிப்போய்ச் சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை அடித்ததாகவும் மார்லிஸ் சொன்னாள். நடப்பதையெல்லாம் புரோகிராம் தானே எழுதிவைக்கும் பதிவில் நிறுத்து என்று ஒரு வரிகூட இல்லை. லைல் அவளுடைய போனை எடுப்பதையே விட்டுவிட்டான்.

இன்று மேனேஜர் நீமியின் மேஜையில் ஒரு காகிதம் இருந்தது. நிறுத்தத் தவறியது தன் குற்றம் என்று மார்லிஸ் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் வேலை போகும், லைலின் விரலைத் தின்றவள் என்ற பேர் நிற்கும்.

"பதிவு பொய் சொல்லாதுங்க" என்றான் கூபியாக்.

சொன்னவனுக்கு உண்மை தெரியும். காலையில் வண்டியை நிறுத்திய இடத்திலேயே மடிக்கணினியைத் திறந்து பார்த்திருந்தான். மேடையிலிருந்து கேபிளில் வருகிற பாரத்தின் நம்பரை, புரோகிராமுக்குள் பின்னணியில் ஓடுகிற ஒரு வேலை படிக்கிறது. அது திரையை நேராகத் தொடக்கூடாது. "இதைக் காட்டு" என்று திரையிடம் சொல்லிவிட்டு, காட்டி முடிக்கும்வரை காத்திருக்கும். நிறுத்து பொத்தானை அமுக்கினால், திரை முதலில் கேபிளை மூடப் போகும். பின்னணி வேலை முடிந்தால்தான் கேபிள் மூடும். அதற்காக இது காத்திருக்கும், இதற்காக அது காத்திருக்கும். நாற்சந்தியில் "நீங்க முதல்ல போங்க" என்று மாறி மாறிக் கைகாட்டி நிற்கிற இரண்டு மினசோட்டாக்காரர்கள் மாதிரி. இழுவையை நிறுத்தும் வரியும் பதிவு எழுதும் வரியும் அதற்குப் பின்னால் கிடந்ததால் இரண்டுமே நடக்கவில்லை. சொல்லிவிட்டுக் காத்திருக்காதே என்று ஒரே ஒரு சொல்லை மாற்றியிருந்தால் போதும். பார்த்தான், மூடினான், உள்ளே வந்து உட்கார்ந்தான். ஈனப்பயல்.

"பொத்தான் வேலை செய்யுதா இல்லையா? காட்டு" என்றார் நீமி.

மூவரும் மேடைக்குப் போனார்கள். சும்மா கிடந்த மேடையில் கூபியாக் ஐந்து தடவை ஓடவிட்டு ஐந்து தடவை நிறுத்தினான். ஐந்திலும் பூப்போல நின்றது.

"பாத்தீங்களா?"

"சும்மா கிடக்கிறதை எவனும் நிறுத்துவான்" என்றாள் மார்லிஸ். "பாரம் ஏறணும். நம்பர் சரசரன்னு ஓடணும். அப்பதான் இது சாகும்."

"உங்களுக்கு என்னம்மா தெரியும்? ஒரு வரி எழுதத் தெரியுமா?"

"எழுதத் தெரியாது. அமுக்கத் தெரியும்."

அவள் கனமான ஒரு சங்கிலியை மாட்டினாள். கொக்கியை வேண்டுமென்றே கோணலாக வைத்தாள். பிறகு வேலிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"வா ராசா. லைல் நின்ன இடத்துல நில்லு. கொக்கியை இடது கையால பிடி. நான் இறுக்குறேன், நீ கத்து, நான் நிறுத்து அமுக்குறேன்."

"இதென்ன விளையாட்டு?"

"உன் புரோகிராம்தான் நிக்குமே! அஞ்சு தடவை நின்னுச்சே! உனக்கென்ன பயம்?"

நீமி தடுப்பார் என்று கூபியாக் அவரைப் பார்த்தான். அவர் தடுக்கவில்லை. கைகட்டி நின்றார்.

கூபியாக் இரண்டு எட்டு வைத்தான். கொக்கியின் வாயில் பழுப்பாகக் காய்ந்த கறை இருந்தது. மார்லிஸ் திரைக்குப் போய் மவுஸில் கை வைத்தாள்.

"இருங்க, இருங்க! அதைத் திருத்திட்டு..." என்றவன் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"எதைத் திருத்திட்டு?" என்றார் நீமி.

கூபியாக் வேலிக்கு வெளியே வந்துவிட்டான்.

"எப்பத்துலேருந்து தெரியும்டா உனக்கு?" என்றார் நீமி மறுபடி.

"காலையில..."

"காலையில தெரிஞ்சுக்கிட்டு என் ஆபீஸ்ல உக்காந்து அந்தப் பேச்சு பேசினியா?" நீமியின் முகம் சிவந்தது. அந்தக் காகிதத்தை நான்காகக் கிழித்து அவன் மேல் வீசினார். "உன் ஒப்பந்தம் முடிஞ்சுது."

மார்லிஸ் சிரிக்கவில்லை. அவளுக்கு ஆத்திரம் கொஞ்சமும் அடங்கவில்லை. அடங்கவும் ஞாயமில்லை.

"அது அவர் கணக்கு. என் கணக்கு வேற" என்றாள். "நான் பண்ணினா லைல் எடுக்க மாட்டான். நீமி போன்லேருந்து நீ பண்ணு. நீயே சொல்லு. நான் இங்கயே நிப்பேன்."

நீமி போனை நீட்டினார். கூபியாக் வாங்கிக் காதில் வைத்தான். இரண்டாவது மணியிலேயே லைல் எடுத்தான்.

"என்ன நீமி, அந்தக் கிழவியைத் துரத்தியாச்சா?"

அவன் பேசியது போனைத் தாண்டி மார்லிஸுக்கும் கேட்டது. அவள் கூபியாக்கின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.