ஹமாதா போன வழி

ரயில்பாதைச் சுவரில் இருந்த ஓட்டையை மெத்வல்லி அன்று மறுபடியும் அடைத்துக்கொண்டிருந்தான். தினமும் அடைப்பான். விடிந்து பார்த்தால் ஓட்டை திறந்தே இருக்கும். எடுத்த செங்கற்களைச் சிமெண்ட் போகத் துடைத்து, சுவரோரம் ஒழுங்காக அடுக்கியிருப்பார்கள். உடைக்கிறவன் துடைத்து வைப்பானா? காப்பிக்கடையில் ஜின் பூதத்தின் வேலை என்றார்கள். ஒருவன் மெத்வல்லியின் பையனின் பெயரைச் சொல்லிவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டான்.

அந்த ஓட்டையை முதலில் போட்டவன் மெத்வல்லிதான். அவன் வயல் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். பாலம் சுற்றிப் போகச் சோம்பல். ஊரே அதில்தான் நுழைந்தது. போன குளிர்காலத்தில் அப்பாவுக்கு ரொட்டி எடுத்துக்கொண்டு பையன் ஹமாதாவும் நுழைந்தான். அப்புறம்தான் சட்டம் வந்தது: சுவரை உடைத்தால் அபராதம், சிறை. ரயிலுக்கு இருக்கிற அவசரம் சட்டத்துக்கு என்றைக்கு இருந்திருக்கிறது?

ரயில்வே போலீஸ்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

"யாருய்யா இதத் தொறக்குறது? சொல்லலன்னா இன்னிக்கு ஒருத்தன உள்ள தள்ளாம போகமாட்டேன். இன்னொரு புள்ள சாகணுமா?"

கூடி நின்ற நாங்கள் தரையைப் பார்த்தோம். மெத்வல்லியின் மனைவி தேநீரோடு நின்றிருந்தாள். இன்றைக்கும் அவள் எங்களுக்கு உம்மு ஹமாதா, ஹமாதாவின் அம்மா. வேறெப்படிக் கூப்பிடுவது?

"நாந்தான்" என்றாள். "அடுக்கித்தான வெக்கிறேன்."

"எதுக்கும்மா?"

"அந்தப் பக்கம் போனவன் எப்படித் திரும்பி வருவான்?"

மெத்வல்லி எழுந்து, கைகளைக் கலாபியா அங்கியில் துடைத்துக்கொண்டு நீட்டினான்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாதுய்யா. ஓட்ட போட்டவன் நான். என்னக் கூட்டிட்டுப் போங்க."

போலீஸ்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும்.

"மொதல்ல அடைச்சு முடி. நாளைக்குத் தொறந்திருந்தா ரெண்டு பேரையும் கொண்டுபோவேன்."

அவர் போன பிறகு மெத்வல்லி மீதியை அடுக்கினான். கடைசிச் செங்கல்லுக்குச் சிமெண்ட் பூசவில்லை. வெறுமனே செருகினான். அவள் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"அவனுக்கு இது போதுமா?"

"அவன் ஒல்லிதான" என்றான் மெத்வல்லி.

தந்தா ஊருக்குப் போகும் ரயில் ஊளையிட்டுக்கொண்டு வந்தது. சுவர் அதிர்ந்தது. பூசாத அந்தச் செங்கல் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் பக்கம் நகர்ந்து வந்தது. அது கீழே விழாமல் அவள் இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டாள்.